வேதாகமம் நம் கைக்கு வந்த கதை: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாளைவாசி எழுதியது:

எங்கள் சேகரத்தில் வாலிபர் வகுப்பை நான்தான் எடுக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். சண்டே ஸ்கூலில் நோவா, யோசேப்பு, தாவீது கதைகளைப் படம் காட்டிக் கேட்டு வளர்ந்தவர்கள். வசனப் போட்டியில் பரிசு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பாடத்திட்டத்திலும் அது கிடையாது.

இப்போது கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. "அண்ணா, நிசேயா மாநாட்டில் கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு வைத்துத்தானே எந்தப் புத்தகம் உள்ளே, எது வெளியே என்று முடிவு பண்ணினார்?" "என் ஃபிரண்டு ஆர்.சி. அவன் பைபிளில் 73 புத்தகம். நமக்கு ஏன் 66?" "மொழிபெயர்ப்பை மறுபடி மொழிபெயர்த்துத்தானே தமிழுக்கு வந்தது?" எல்லாம் யூடியூப் தயவு. பதில் சொல்லும் காணொளிகளும் அங்கேயே கிடக்கின்றன. ஒன்று எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்கிறது, அடுத்தது எல்லாம் கட்டுக்கதை என்கிறது. இரண்டிலும் பேசுகிறவர் குரலை உயர்த்தித்தான் பேசுகிறார்.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டேன். "நீயே எடு, ஆனால் பிள்ளைகளைக் குழப்பிவிடாதே" என்றார். ஒரு மாதம், ஆராதனை முடிந்து முக்கால் மணி நேரம் கிடைக்கும். தோற்றம், நம்பகத்தன்மை, இன்றைக்கு இதனால் என்ன என்று மூன்று பகுதியாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். பிரசங்கக் குறிப்பு வேண்டாம். வகுப்பில் செய்து பார்த்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

---

நெய்தல் எழுதியது:

அண்ணா, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். தேதிப் பட்டியலோடு ஆரம்பித்தீர்கள் என்றால் முதல் வாரமே பாதிப் பிள்ளைகள் போனைப் பார்ப்பார்கள். கையால் எழுத விடுங்கள்.

நான் செய்வது இது. ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் முதல் எட்டு வசனங்களை ஒரு தாளில் அச்செடுத்து, ஐந்து பேரிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு நகலும் இன்னும் இரண்டு பேரிடம் போகும். கொஞ்சம் அவசரப்படுத்துவேன், ஃபேனையும் நிறுத்திவிடுவேன். அப்புறம் மூலத்தாளையும் முதல் ஐந்து நகல்களையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கடைசி நகல்களை மட்டும் இன்னொரு குழுவிடம் கொடுத்து, "மூலத்தில் என்ன இருந்தது, கண்டுபிடி" என்பேன்.

கூச்சல் கிளம்பும் பாருங்கள்! ஒருவன் ஒரு சொல்லை விட்டிருப்பான், ஒருத்தி இரண்டு முறை எழுதியிருப்பாள், இன்னொருவன் "இங்கே இலக்கணம் இடிக்குது" என்று திருத்தியே எழுதியிருப்பான். ஆனால் நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாரிடமிருந்து எழுதினார்கள் என்பதே தெரிந்துவிடும். ஒரே வரியை விட்ட இரண்டு பேரும் ஒரே நகலைப் பார்த்து எழுதியவர்கள்தான். கடைசியில் மூலத்தை ஏறக்குறைய அப்படியே மீட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் "இதுவா அதுவா, தெரியல மிஸ்" என்பார்கள். அந்தத் "தெரியல" எனக்கு ரொம்பப் பிடிக்கும். அறிஞர்கள் செய்கிற வேலையும் இதுதான்.

ஏன் ஏசாயா 40 என்றால், சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் 1947ல் கிடைத்த ஏசாயாச் சுருளில் இதே இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 7, 8 இரண்டு வசனங்களிலும் "புல் உலர்ந்து, பூ உதிரும்" என்று வருகிறது அல்லவா? எழுதியவரின் கண் முதல் "பூ உதிரும்" என்பதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது. நடுவில் இருந்தது விட்டுப்போயிற்று. பின்னால் வேறொரு கை அதை வரிகளுக்கு இடையிலும் ஓரத்திலும் நெருக்கி எழுதிச் சேர்த்திருக்கிறது. "தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்கிற இடத்திலேயே ஒரு மனுஷனுக்குக் கை தவறியிருக்கிறது! படத்தைத் திரையில் போட்டுக் காட்டுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை அதே இடத்தில் அதே மாதிரி தாவியிருந்தாள். "நானும் கும்ரான்காரிதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

---

பெரேயா_பிரதர் எழுதியது:

சகோதரர்களே, ஒரு எச்சரிக்கை. "வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது." இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிழை, விடுபாடு, திருத்தம் என்று முதல் நாளே ஆரம்பித்தால், இப்போதுதான் விசுவாசத்தில் கால் ஊன்றுகிற பிள்ளைக்கு என்ன ஆகும்?

நல்ல ஆதாரங்களைக் கொடுங்கள். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. பழங்கால நூல் எதற்கும் இவ்வளவு கிடையாது. யோவான் சுவிசேஷத்தின் துண்டு ஒன்று மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது, கி.பி. 125ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏசாயாச் சுருளை அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய எபிரெயப் பிரதியோடு ஒப்பிட்டால் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இதைச் சொன்னால் பிள்ளைகள் தைரியமாக நிற்பார்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்ல. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவன். சுவடிப் பதிப்பில் ஆர்வம் உண்டு என்பதால் இந்த இழையில் தலையிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரேயா பிரதர் சொன்ன மூன்றும் பாதி சரி. மீதிப் பாதிதான் வகுப்பில் காலை வாரும்.

ஏசாயாச் சுருள் கிட்டத்தட்ட கி.மு. 125 அளவில் எழுதப்பட்டது. 7 மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் உண்டு. முழு எபிரெய வேதத்துக்கும் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழுப்பிரதியான லெனின்கிராட் சுவடி 1008ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1,100 ஆண்டு இடைவெளியில் நூல் அடையாளம் தெரியாமல் மாறிவிடவில்லை என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் "எழுத்துக்கு எழுத்து ஒன்று" என்பது சரியல்ல. ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலும் எழுத்துக்கூட்டல், சில இடங்களில் சொல்லே வேறு. அது மட்டுமா? அதே கும்ரானில் கிடைத்த எரேமியாப் பிரதிகளில் சில, நாம் வாசிக்கும் எரேமியாவைவிடக் குறுகிய வடிவத்தைச் சேர்ந்தவை. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இருப்பதும் அந்தக் குறுகிய வடிவம்தான், எட்டில் ஒரு பங்கு சிறியது. கோலியாத்தின் உயரம் நம் பைபிளில் ஆறு முழமும் ஒரு ஜாணும். கும்ரான் சாமுவேல் சுருளில் நான்கு முழமும் ஒரு ஜாணும்தான். ஏசாயாவை மட்டும் காட்டி எரேமியாவை மறைத்தால், பையன் அதை நாளைக்கு வேறு யாரிடமிருந்தோ கேட்பான். அப்போது உங்கள் ஏசாயாவையும் சேர்த்தே சந்தேகப்படுவான்.

மான்செஸ்டர் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. 1920ல் எகிப்தில் வாங்கியது, 1935ல் வெளியிடப்பட்டது. அதன் காலத்தைக் கையெழுத்தின் பாணியை வைத்துத்தான் கணிக்கிறார்கள். எனவே 125 என்று ஆணியடித்த மாதிரிச் சொல்ல முடியாது. இரண்டாம் நூற்றாண்டு என்பது பொதுவான கருத்து, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடப் போகலாம் என்பவர்கள் உண்டு.

அந்த ஐயாயிரத்துக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. முதல் இருநூறு ஆண்டுகளுக்கு இருப்பது சொற்பம், அதுவும் துண்டுகள். சரி, ஐயாயிரமும் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது காட்டுவது ஒன்றைத்தான்: எழுதியவர் எழுதியது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் எழுதியது நடந்ததா என்பது வேறு கேள்வி. நடந்திருந்தால் அதற்கு இன்று என்ன பொருள் என்பது மூன்றாவது கேள்வி. பாளைவாசி மூன்று தலைப்புகள் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் நடுவில் சுவர் இருக்கட்டும். முதல் கேள்விக்கான ஆதாரத்தை இரண்டாவதற்குக் காட்டுவதுதான் இருதரப்புக் காணொளிகளும் செய்கிற தந்திரம். 'பிரதிகளில் வேறுபாடு இருக்கிறது, ஆகவே நடந்ததெல்லாம் பொய்' என்பதும் அதே தந்திரம்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க உ.வே.சா. போதும். 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்துத்தான் செய்தார். பாடபேதம் இருப்பதால் சிந்தாமணி போலி என்று யாரும் சொல்வதில்லை. பிரதிகள் ஒப்பிடப்பட்டதால் சீவகன் எட்டுப் பெண்களை மணந்தது வரலாறு என்றும் யாரும் சொல்வதில்லை.

---

பாளைவாசி எழுதியது:

ஐயா, கடைசி வரியை வகுப்பில் சொன்னால் ஐயர் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

மூன்று கேள்வி, நடுவில் சுவர். இது எனக்குப் பிடித்திருக்கிறது. நெய்தல் சொன்ன நகல் விளையாட்டு முதல் வாரத்துக்கு உறுதி. ஃபேனை நிறுத்துவது மட்டும் முடியாது, எங்கள் கோயில் ஹாலில் ஏற்கெனவே ஒன்றுதான் ஓடுகிறது.

நிசேயாவுக்கும் 66, 73 கணக்குக்கும் யாராவது சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

---

நெய்தல் எழுதியது:

திருச்சபை ஆயர்களின் நிசேயா மாநாடு 325ல் கூடியது. இயேசு பிதாவுக்குச் சமமல்ல என்ற அரியுஸ் என்பவரின் போதனை, ஈஸ்டர் எந்த நாளில் கொண்டாடுவது, ஆயர்கள் நியமனம் போன்றவைதான் பேசப்பட்டன. அது வெளியிட்ட 20 விதிகளில் எந்தப் புத்தகம் வேதம் என்று ஒரு விதிகூடக் கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் செய்தது வேறு. தன் புதுத் தலைநகரின் கோயில்களுக்காக 50 வேதப்பிரதிகள் எழுதித் தரும்படி செசரியா ஆயர் யூசேபியுவைக் கேட்டார். இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் ஒரு நல்ல காணொளி தயார்.

அந்த யூசேபியுவே தாம் எழுதிய திருச்சபை வரலாற்றில் எல்லாரும் ஏற்றவை, சிலர் தயங்குகிறவை, தள்ளவேண்டியவை என்று பிரித்து எழுதியிருக்கிறார். யாக்கோபு, யூதா, 2 பேதுரு எல்லாம் தயங்குகிற வரிசையில் இருக்கின்றன. இன்றிருக்கும் புதிய ஏற்பாட்டு நூல்கள் 27ஐயும் அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367ல் எழுதிய ஈஸ்டர் மடல். ஆக, ஒரே நாளில் ஓட்டுப்போட்டு முடிந்த சமாச்சாரம் இல்லை. சபைகள் வாசித்து வாசித்து, சண்டையும் போட்டு, மெல்ல ஒரு முடிவுக்கு வந்தார்கள். பவுலின் மடல்களும் நான்கு நற்செய்திகளும் அதற்கு வெகுகாலம் முன்பே நிலைபெற்றுவிட்டன. ஓரத்தில் இருந்த சிலவற்றுக்குத்தான் இழுபறி.

66, 73: கிரேக்கம் பேசிய யூதர்கள் பயன்படுத்திய செப்துவஜிந்தில், எபிரெய வேதத்தில் இல்லாத தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் இருந்தன. ஆதித் திருச்சபை அதிகம் வாசித்தது அதைத்தான். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1534ல் தம் பைபிளில் அவற்றை நீக்கவில்லை, தனியாகப் பிரித்து நடுவில் வைத்தார். 1611ஆம் ஆண்டு ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் அவை உண்டு. எங்கள் கத்தோலிக்கப் பக்கம் 1546ல் திரெந்து சங்கம் அவை வேதம்தான் என்று உறுதிப்படுத்தியது. 1995ல் திண்டிவனத்திலிருந்து வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ஒன்றை வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தோபித்து கதையில் ஒரு நாய் கூடவே போகும், அது எல்லாருக்கும் பிடிக்கும்.

---

யாழ்_ஆசிரியை எழுதியது:

வணக்கம். இஞ்சை இலங்கையில் சமயம் பள்ளிக்கூடப் பாடம், சாதாரண தரப் பரீட்சை வரை கட்டாயம். கிறிஸ்தவ பாடம் நான்தான் படிப்பிக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கேள்வி கேட்பது குறைவு. எது வரும், எத்தனை புள்ளி என்பதுதான் கவலை. உங்களுக்குக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் கிடைத்திருப்பது அதிர்ஷ்டம்.

"மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு" என்ற கேள்விக்குத் தமிழ் வேதாகமத்தின் கதையே நல்ல பதில். சீகன்பால்கு என்ற மிஷனரி 1706ல் தரங்கம்பாடி வந்தார். 1708ல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கி 1711ல் முடித்தார். அச்சேறி முழுமையாக வெளிவந்தது 1715ல். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார், பிறகு இறந்துவிட்டார். பின்னால் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் மூலமொழிகளைப் பார்த்துப் பல வருடம் இழைத்து இழைத்துத் திருத்தினார். அவருடைய முழு வேதாகமம் 1796ல் வந்தது. எங்கட பக்கத்தில் மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் உட்கார்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850ல் சென்னையில் அச்சானது. சைவத்தைக் காக்கப் பின்னாளில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய அதே நாவலர்தான்! தமிழ்நாட்டுச் சபைகள் அந்தப் பதிப்பை ஏற்கவில்லை. நீங்கள் இன்று கோயிலில் வாசிப்பது பவர் ஐயர் குழு 1871ல் முடித்ததன் வழி வந்தது. அந்தக் குழுவும் மூலமொழிகளைப் பார்த்தே வேலை செய்தது. ஆகவே மொழிபெயர்ப்பு பலமுறை நடந்தது உண்மை, ஆனால் ஒவ்வொரு முறையும் கிரேக்கத்துக்கும் எபிரெயத்துக்கும் திரும்பப் போனார்கள். காதோடு காதாகச் சொல்லிக் கடைசி ஆளிடம் வேறொன்றாகிப் போகும் விளையாட்டு அல்ல இது.

ஒரு கொசுறுச் செய்தி. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்து 2005ல் காணாமல் போன அந்த 1715 அச்சுப்பிரதி லண்டனில் இருப்பதை 2022ல் தமிழ்நாட்டுச் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவினர் கண்டறிந்தார்கள். இந்தக் கதையைச் சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

---

கேள்விக்குறி எழுதியது:

எல்லாரும் நகல் எடுத்த கதையையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். இரண்டாவது கேள்வியைத் தொடுங்கள் பார்ப்போம். எரிகோவின் மதில் யோசுவா காலத்தில் விழுந்ததா? 1950களில் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் தோண்டிப் பார்த்து, அந்த நகரம் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது, யோசுவா வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் விழுவதற்கு மதிலே இல்லை என்றார். இயேசு பிறந்தபோது சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியு எடுத்த குடிமதிப்பு என்கிறார் லூக்கா. ஆனால் இயேசு பிறந்தது ஏரோது ராஜா காலத்தில் என்றும் இருக்கிறது. ஏரோது செத்தது கி.மு. 4, சிரேனியு குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6. யூதாஸ் மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான், அப்போஸ்தலரில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். இதெல்லாம் உங்கள் முக்கால் மணி நேரத்தில் வருமா? இல்லை, "விசுவாசத்தால் ஏற்றுக்கொள்" என்று ஜெபம் பண்ணி முடித்துவிடுவீர்களா?

---

பெரேயா_பிரதர் எழுதியது:

கேள்விக்குறி, இவை எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. சிரேனியு அதற்கு முன்பும் ஒருமுறை சீரியாவில் அதிகாரத்தில் இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். கேட்க மனமில்லாதவர்களுக்கு எத்தனை சொன்னாலும்

---

மட்டுறுத்துநர் எழுதியது:

மேலே உள்ள பதிவின் பின்பாதியை வெட்டியிருக்கிறேன். ஆளைப் பற்றி வேண்டாம், பேச்சைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

"இருந்திருக்கலாம்" என்பதை "காட்டியிருக்கிறார்கள்" என்று எழுத முடியாது பிரதர். சிரேனியுவுக்கு முந்தைய ஆட்சி ஒன்று இருந்ததாக உறுதியான சான்று இல்லை. அது ஒரு சமாதானம், அவ்வளவுதான். சமாதானம் என்றே பிள்ளைகளிடம் சொல்லலாம், அதில் வெட்கமில்லை.

கேள்விக்குறி சொன்ன எரிகோவில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1930களில் கார்ஸ்டாங் என்பவர் அங்கே தோண்டி, இதோ யோசுவாவின் மதில் என்று அறிவித்தார். உலகமே கொண்டாடியது. கென்யன் வந்து பானையோடுகளைப் பார்த்து, அந்த மதில் இன்னும் பல நூற்றாண்டு பழையது என்றார். பல பழைய கையேடுகளில் இன்னும் கார்ஸ்டாங்தான் இருக்கிறார். அதனால் "தொல்லியல் வேதத்தை நிரூபித்துவிட்டது" என்று யார் சொன்னாலும், எந்த வருடத்துத் தொல்லியல் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மறுபக்கத்துக்கும் இதே கேள்விதான். தாவீது என்று ஒரு ராஜாவே இல்லை என்று சிலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1993ல் தேல் தான் கல்வெட்டு கிடைத்தது. இஸ்ரவேலின் எதிரி ராஜா ஒருவர் அரமேயத்தில் எழுதி வைத்தது, அதில் "தாவீதின் வீடு" என்று இருக்கிறது. கோலியாத்தை வீழ்த்தியதற்கு அது சான்று ஆகாது. தாவீதின் பெயரில் ஒரு வம்சம் இருந்ததற்குச் சான்று.

---

யாழ்_ஆசிரியை எழுதியது:

நான் வகுப்பில் எடுப்பது கி.மு. 701, அசீரியர் யூதா ராஜா எசேக்கியாமேல் படையெடுத்த வருடம். ஒரே யுத்தத்துக்கு இரண்டு பக்கத்துக் கணக்கும் கிடைக்கிற அபூர்வமான இடம்.

2 இராஜாக்கள் 18, 19ஐ ஒரு குழுவிடம் கொடுப்பேன். அசீரிய ராஜா சனகெரிப் களிமண் பட்டகத்தில் எழுதி வைத்ததன் மொழிபெயர்ப்பை மற்றக் குழுவிடம் கொடுப்பேன். அது இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "எசேக்கியாவைக் கூண்டிலே பறவை போல எருசலேமில் அடைத்தேன்" என்கிறான் அவன். வேதாகமத்தில் கர்த்தருடைய தூதன் ஒரே ராத்திரியில் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேரைச் சங்கரித்தான், சனகெரிப் திரும்பிப் போனான் என்று இருக்கிறது.

பிறகு இரு குழுவும் ஒப்பிட வேண்டும். எசேக்கியா கப்பம் கட்டினான், இருவரும் சொல்கிறார்கள். பொன் 30 தாலந்து, இருவரும் அதே எண். வெள்ளியில் மாத்திரம் வேதாகமம் 300, அசீரியன் 800. எருசலேமைப் பிடித்தேன் என்று சனகெரிப் எந்த இடத்திலும் சொல்லவில்லை. பெருமை பேசுகிற ராஜா அதைச் சொல்லாமல் விட்டிருப்பானா? பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: "மிஸ், அவன் பிடிக்கேல்லை!" யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்ததை மட்டும் தன் அரண்மனைச் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்திருக்கிறான்.

ஏன் திரும்பிப் போனான் என்பதற்குக் களிமண்ணில் பதில் இல்லை. அந்த இடத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன். தூதனா, கொள்ளைநோயா, கப்பம் போதும் என்று நினைத்தானா? அவரவர் வீட்டில் போய்க் கதைக்கட்டும்.

---

கேள்விக்குறி எழுதியது:

இப்படி எடுத்தால் நானே வந்து பின்பெஞ்சில் உட்காருவேன். யூதாசை மறந்துவிடாதீர்கள்.

---

ஹாஸ்டல்_ஜன்னல் எழுதியது:

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இந்த மாதிரி வகுப்பு எங்கள் சபையில் கிடையாது, அதனால் மாணவி தரப்பில் இருந்து ஒன்று சொல்கிறேன்.

அண்ணா, அக்கா, சார் எல்லாரும் முதல் இரண்டு கேள்வியில் ரொம்ப நேரம் இருக்கிறீர்கள். கும்ரானும் சனகெரிப்பும் அருமை. ஆனால் என் ரூம்மேட் கேட்டது அதை அல்ல. "உங்க பைபிள்ல யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லைன்னு இருக்காமே, அப்புறம் ஏன் உங்க கல்யாண விளம்பரத்துல ஜாதி போடுறீங்க?" இதற்கு எந்தச் சுருளும் பதில் சொல்லாது. 'ஸ்திரீகள் சபைகளில் பேசாமலிருக்கக்கடவர்கள்' என்று வாசிக்கிற அதே சபையில் நான்தான் பாடல் நடத்துகிறேன். அதை யாரும் விளக்கியதும் இல்லை.

மூன்றாவது கேள்வியை "வேதம் இன்றைக்கும் பொருந்தும்" என்று நாலு வாழ்க்கைப் பாடத்தோடு முடித்துவிடாதீர்கள். ப்ளீஸ்.

---

நெய்தல் எழுதியது:

தங்கச்சி, நீ கேட்டதற்கு நான் வகுப்பில் காட்டுவது ஒரு பைபிள்தான். 1807ல் லண்டனில் அச்சிட்டது, மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்காக. முழுப் பைபிள் அல்ல, பொறுக்கி எடுத்த பகுதிகள். யாத்திராகமத்தில் இஸ்ரவேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகிப் போகும் பகுதி அதில் இல்லை. உன் ரூம்மேட் சொன்ன கலாத்தியர் 3:28ம் இல்லை. "வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஒன்றுதான் கேட்பேன். இந்தப் புத்தகத்தில் எதற்குப் பயந்து வெட்டினார்கள்? அடுத்த கேள்வி அவர்களாகவே கேட்பார்கள். நம் ஊரில் கத்தரிக்கோல் எடுக்காமலே எதையெல்லாம் வெட்டியிருக்கிறோம்? ஒரு வருடம் இந்த இடத்தில் இரண்டு பையன்கள் எழுந்து கத்திக்கொண்டார்கள். ஒருவனுடைய தாத்தா காலத்தில் கோயிலில் தனித்தனிப் பக்கம் உட்கார வைத்த கதை வெளியே வந்தது. பங்குத்தந்தை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள் பேசக்கூடாது என்கிற 1 கொரிந்தியர் 14:34, 35க்கு முதல் கேள்வியையும் கூட்டிக்கொள்ளலாம். சில பழைய பிரதிகளில் அந்த இரண்டு வசனமும் அதிகாரத்தின் கடைசியில், 40க்குப் பிறகு இருக்கின்றன. இடம் மாறியிருப்பதால், அது பவுல் எழுதியதா, ஓரக்குறிப்பாக இருந்து உள்ளே வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மூன்று அதிகாரம் முன்னால், 11ல், பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று அதே பவுல் எழுதுகிறார். பேசவே கூடாது என்றால் தீர்க்கதரிசனம் எப்படிச் சொல்வது?

---

பெரேயா_பிரதர் எழுதியது:

அடிமைகளுக்கான அந்தப் பைபிள் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பயங்கரம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதைச் சொல்வேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாறவில்லை. மாற்கு 16ல் 9 முதல் 20 வரை பழைய பிரதிகளில் இல்லை என்று அடுத்து வரப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கி.பி. 180 வாக்கில் ஆதிசபைப் பிஷப் ஐரேனியுஸ் அந்தப் பகுதியின் 19ஆம் வசனத்தை மாற்கு எழுதியதாகவே எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பிரதிகளைவிட அது முந்தியது. "இல்லை" என்பதை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஏமாற்றுதான். எங்கள் சபையில் ஒருவர் இறக்கும்போது கடைசியாகக் கேட்ட வசனம் அந்தப் பகுதியில் உள்ளது. அவருடைய பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐரேனியுஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி, முக்கியமானதும்கூட. சினாயிச் சுவடி, வத்திக்கான் சுவடி இரண்டும் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க வேதப்பிரதிகள். இரண்டிலும் மாற்கு 16:8ல் நின்றுவிடுகிறது. அந்த முடிவு பழையது என்பதற்கு ஐரேனியுஸ் சாட்சி, அது மாற்கின் மூலத்திலேயே இருந்தது என்பதற்கு இந்த இரண்டும் எதிர்ச்சாட்சி. இரண்டையும் மேசையில் வையுங்கள். பெரும்பாலான அறிஞர்கள் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள்: பின்னால் சேர்ந்தது என்பதே அவர்கள் முடிவு.

---

பாளைவாசி எழுதியது:

பெரேயா பிரதர், அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் நானும் யோசிக்கிறேன். என் வகுப்பிலும் அப்படி ஒரு வீடு உண்டு. ஆனால் 1 யோவான் 5:7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516ல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை, 1522ல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வாக்கியம் கிடையாது. திரித்துவத்துக்கு என் பையன்கள் மனப்பாடமாகச் சொல்லும் முதல் வசனம் அதுதான். புது மொழிபெயர்ப்பை போனில் திறந்தால் அடிக்குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும். அதை என் வகுப்பில் பார்க்கட்டும், நானும் கூட இருப்பேன். அவ்வளவுதான் என் கணக்கு.

இப்போதைக்குத் திட்டம் இப்படிப் போகிறது. முதல் வாரம் நகல் எடுப்பது, கும்ரான், எரேமியாவையும் மறைக்காமல். அடுத்தது நிசேயாவும் 66, 73ம், கையில் திருவிவிலியத்தோடு. மூன்றாவது சனகெரிப், நேரம் இருந்தால் எரிகோ. கடைசி வாரம் முழுக்க ஹாஸ்டல்_ஜன்னல் கேட்டதற்கு. அதற்கு முக்கால் மணி போதாது என்று தெரியும், ஐயரையும் உட்காரச் சொல்லியிருக்கிறேன். யூதாசுக்கு இடம் கிடைக்கவில்லை கேள்விக்குறி, டீ குடிக்கும்போது பேசிக்கொள்கிறோம்.

சுவடிகளின் படம் திரையில் காட்டுகிற மாதிரி எங்கே கிடைக்கும்? ஹாலில் ஒரு ப்ரொஜெக்டர் இருக்கிறது, மங்கல்தான்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஏசாயாச் சுருளை எருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகம் 2011 முதல் இணையத்தில் முழுதாக வைத்திருக்கிறது. விரலால் நகர்த்தலாம், பெரிதாக்கலாம். சினாயிச் சுவடியும் 2009 முதல் இலவசம். அதன் பெரும்பகுதியைச் சோவியத் அரசிடமிருந்து 1933ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது பிரிட்டன். மீதி லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சினாய் மடம் என்று சிதறிக் கிடக்கிறது, இணையத்தில் மட்டும் ஒன்றாகப் பார்க்கலாம். மாற்கின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். நூல் முடிந்ததும் அந்தப் பத்தியில் மீதி இடம் வெற்றாக இருக்கும், அடுத்த பத்தியின் உச்சியில் லூக்கா தொடங்கும். கிரேக்கம் தெரியாத பிள்ளைக்கும் அது கண்ணில் படும். ப்ரொஜெக்டர் மங்கல் என்றால் முன்கூட்டியே தரவிறக்கி வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், தோலின் நிறம் பழுப்பு, எழுத்தும் பழுப்பு.